செல்ஃப் எடுக்காத டிராக்டரும், கூலி கிடைக்காத மூளையும்

பாப்பாரப்பட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில், ஏன் தருமபுரி மாவட்டம் முழுக்கவே, ஒரு காட்சி சகஜம். வீட்டு வாசலில் தாராளமாக இடம் இருக்கும். ஆனால் டிராக்டர் அங்கே நிற்காது. கொஞ்சம் தள்ளி மேட்டில் ஏற்றி, மூக்கு பள்ளத்தைப் பார்த்தபடி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்திருப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள், "செல்ஃப் எடுக்கல போல" என்று. காலையில் கல்லை எடுத்துவிட்டு, இறக்கத்தில் உருட்டி, கியரில் போட்டு கிளட்சை விட்டால் வண்டி கிளம்பிவிடும். அப்புறம் சாயங்காலம் வரை இன்ஜினை அணைக்க மாட்டார்கள். டீ குடிக்கிற நேரத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும். டீசலும் எரிந்துகொண்டே இருக்கும்.

இப்படியே மாதக் கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. "ஏண்ணா, சரி பண்ணக் கூடாதா?" என்று கேட்டால், "செல்ஃப் மோட்டாரையே மாத்தணும்னு சொல்றாங்கப்பா, இப்ப அதுக்கு எங்க போறது?" என்பதுதான் பதிலாக இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பல நேரங்களில் மோட்டாரில் ஒரு குறையும் இருக்காது. மோட்டாரின் முதுகில் டப்பா மாதிரி உட்கார்ந்திருக்கிற சோலினாய்டு என்ற சின்னப் பாகம் போயிருக்கும். சில நேரம் அதுவும் போயிருக்காது. பேட்டரி முனையில் உப்பு பூத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. ஏன் நேரமில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பதிலையும் முதலிலேயே சொல்லிவிடலாம். நம்மூரில் மாற்றிய பாகத்துக்குக் காசு உண்டு. பழுது எங்கே என்று கண்டுபிடித்த மூளைக்குக் காசு இல்லை. காசு எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் வேலையும் நடக்கும். இது காமர்ஸ் முதல் வருடப் பாடம்.

அந்தக் கணக்குக்கு வருவதற்கு முன்னால் சோலினாய்டு என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். பயப்பட வேண்டாம், பிளஸ் டூ பிசிக்ஸ்கூடத் தேவைப்படாது :-)

'செல்ஃப்' வந்த கதை

ஒரு காலத்தில் காரோ டிராக்டரோ, முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கிணற்றடி ஆயில் இன்ஜினை அப்படிச் சுற்றியவர்கள் இன்றும் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். கைப்பிடி திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர். அவர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் வருடத்துக் காடிலாக் கார்களில் வந்தது. கைப்பிடி இல்லாமல் வண்டி தானே கிளம்புவதால் அதை 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்றார்கள். பின்பாதி எப்போதோ உதிர்ந்துபோய் 'செல்ஃப்' மட்டும் நம்மூர் மெக்கானிக்குகள் வாயில் தங்கிவிட்டது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையில் டாஃபே டிராக்டர் நிறுவனம் 1960-இல் தொடங்கப்பட்டது. அடுத்த வருடம், 1961-இல், வாகனங்களுக்கான ஸ்டார்ட்டர் மோட்டார் போன்ற மின் பாகங்களைச் செய்ய லூகாஸ் டிவிஎஸ் தொடங்கப்பட்டது. ஆக, டிராக்டரும் சரி, அதைக் கிளப்புகிற மோட்டாரும் சரி, அறுபது வருடங்களுக்கு மேலாக இதே மாநிலத்தில் செய்யப்படுகிறவை. ஏதோ சீமைச் சரக்கு, நமக்குப் புரியாது என்று ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏரியும் மதகும்

இன்ஜினைச் சுற்றிவிட ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்ட் தேவை. அதனால்தான் பேட்டரியிலிருந்து அதற்குப் போகிற ஒயர் கட்டை விரல் தடிமன் இருக்கிறது. அவ்வளவு கரண்டையும் சாவி வழியாக விட்டால் சாவி சுவிட்ச் உருகிவிடும்.

ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஆள் திருகைத் திருப்புகிறார். ஷட்டர் தூக்குகிறது. அவரால் ஒருநாளும் சுமக்க முடியாத தண்ணீர் அந்த வழியாகப் பாய்கிறது. சோலினாய்டு செய்வதும் இதுதான். சாவியைத் திருப்பினால் மெல்லிய ஒயர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் சோலினாய்டுக்குள் இருக்கிற செப்புக்கம்பிச் சுருளுக்குப் போகிறது. சுருள் காந்தமாகி நடுவில் இருக்கிற இரும்புத் தண்டை இழுக்கிறது. தண்டு போய் ஒரு செப்புத் தகட்டை இரண்டு தடித்த முனைகளின் மேல் அழுத்துகிறது. பேட்டரிக் கரண்ட் முழுதும் மோட்டாருக்குப் பாய்கிறது. அப்போது கேட்பதுதான் அந்த 'டக்' சத்தம்.

இன்றைய டிராக்டர்களில் பெரும்பாலும் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அதே தண்டின் இழுப்பு ஒரு கவை வழியாக மோட்டாரின் பினியன் பல்சக்கரத்தை முன்னுக்குத் தள்ளி, பிளைவீலில் இருக்கிற ரிங் கியரோடு கோர்த்துவிடுகிறது. முதலில் பல் கோர்க்க வேண்டும், அப்புறம்தான் மோட்டார் சுற்ற வேண்டும். இந்த வரிசையைக் காப்பாற்றுவதும் சோலினாய்டுதான்.

வெளிநாட்டில் வீட்டுப் புல்வெளியை உட்கார்ந்தபடியே ஓட்டி வெட்டுகிற வண்டிகள் உண்டு. அதிலும் இதே 12 வோல்ட் பேட்டரி, இதே 'டக்'. ஆனால் பெரும்பாலான புல்வெட்டி வண்டிகளில் சோலினாய்டு மோட்டாரில் ஒட்டாமல் தனியாக இருக்கும், சுவிட்ச் வேலையை மட்டும் செய்யும். நாலு நட்டைக் கழற்றி வீட்டுக்காரரே மாற்றிக்கொள்வார். அங்கே அது ஞாயிற்றுக்கிழமை வேலை. இங்கே அதே பழுதுக்கு டிராக்டர் மாதக் கணக்கில் மேட்டில் ஏறி நிற்கிறது. நம்மூர்க்காரருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்பதல்ல விஷயம். எதைக் கழற்ற வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சத்தத்தைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்

சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது என்று கவனிப்பதுதான் முதல் சோதனை. காசு செலவில்லாத சோதனை.

சத்தமே இல்லை என்றால், கரண்ட் சோலினாய்டு வரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். சோலினாய்டின் சின்ன முனையில் டெஸ்ட் லேம்ப்பை வைத்து, இன்னொரு ஆளைச் சாவியைத் திருப்பச் சொல்லலாம். பல்பு நன்றாக எரிந்தும் டக் சத்தம் இல்லையென்றால் சுருள் போயிருக்கலாம். பல்பு எரியவில்லை என்றால் சோலினாய்டு நிரபராதி. சாவி சுவிட்ச், பியூஸ், ஒயர் அல்லது கிளட்ச், நியூட்ரல் பாதுகாப்பு சுவிட்ச், இவற்றில் ஒன்று காரணம்.

'டக டக டக' என்று படபடவென அடித்துக்கொண்டால், பேட்டரி இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். டெர்மினல் லூசாகவோ உப்பு பூத்தோ இருந்தாலும் இப்படி அடிக்கும். சோலினாய்டு இழுக்கிறது, மோட்டார் கரண்ட் கேட்டவுடன் வோல்டேஜ் படுத்துவிடுகிறது, தண்டு விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. பாவம், அது தன் வேலையைச் செய்ய முயன்றுகொண்டுதான் இருக்கிறது.

ஒரே ஒரு கெட்டியான 'டக்', அப்புறம் மௌனம். இதுதான் சந்தேகத்துக்குரியது. மல்ட்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் சோலினாய்டின் இரண்டு பெரிய முனைகளில் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்புவதற்கு முன்னால் சுமார் 12 வோல்ட் காட்டும். திருப்பியதும் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். 'டக்' என்ற பிறகும் 12 பக்கத்திலேயே நின்றால் உள்ளே செப்புத் தகடு கருகிவிட்டது என்று அர்த்தம். பழுது சோலினாய்டில்தான். பூஜ்யத்துக்கு இறங்கியும் மோட்டார் சுற்றவில்லை என்றால், அடுத்து பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்து அதே மாதிரி சாவியைத் திருப்ப வேண்டும். அங்கே வோல்டேஜ் சடாரென்று விழுந்தால் சந்தேகம் பேட்டரி பக்கம் போகும், அல்லது உள்ளுக்குள் இறுகிப்போன மோட்டார் பக்கம். விழாமல் நின்றால் பெரிய ஒயர்கள், பாடி எர்த், கார்பன் பிரஷ் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

மோட்டார் சுற்றுகிற சத்தம் வருகிறது, இன்ஜின் திரும்பவில்லை, அல்லது 'கரகர' என்று இரும்பு உரசுகிறது என்றால் பினியன், ரிங் கியர் பக்கம் பார்க்க வேண்டும். சாவியை விட்ட பிறகும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே தகடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். உடனே பேட்டரித் தொடர்பைத் துண்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டாரும் சேர்ந்து கருகும்.

இவ்வளவுக்கும் ஆகிற நேரம் அரை மணி. தேவைப்படுகிற கருவிகள் ஒரு டெஸ்ட் லேம்ப்பும் ஒரு மல்ட்டிமீட்டரும். எந்தச் சோதனையானாலும் கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், கை பிரேக் போட்டிருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கல் முட்டு இருக்க வேண்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.

மாற்றுகிற வேலை

பழுது சோலினாய்டுதான் என்று உறுதியானால் மாற்றுவது கம்ப சூத்திரம் அல்ல. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும், எல்லாம் முடிந்து கடைசியில்தான் அதை மாட்ட வேண்டும். பாசிட்டிவ் முனையில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அது தவறி வண்டியின் உடம்பில் பட்டால் பொறி பறக்கும் என்பதால் இந்த வரிசை. ஒயர்களைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொண்டால் எது எங்கே என்ற குழப்பம் வராது. சில வண்டிகளில் மோட்டாரோடு கீழே இறக்கித்தான் வேலை பார்க்க முடியும். சோலினாய்டின் திருகுகளைக் கழற்றி, தண்டின் நுனியைக் கவையிலிருந்து விடுவித்தால் அது கையோடு வந்துவிடும்.

புதியது வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய், பாக எண்ணையும் முனைகளின் அமைப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், தண்டின் நீளம் மட்டும் மாறும். அப்புறம் பல் சரியாகக் கோர்க்காது. பெரிய முனைகள் செம்பு என்பதால் பலம் காட்டி இறுக்கக் கூடாது. முறுக்கினால் உள்ளிருக்கும் இணைப்பே அறுந்துவிடும். முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அளவாக இறுக்கி, நெகட்டிவை மாட்டினால் முடிந்தது. செல்ஃபை ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் ஓய்வு கொடுத்து அடித்தால் புதிய தகடும் பல காலம் உழைக்கும்.

பழைய மெக்கானிக்குகளுக்கு இன்னொரு வித்தையும் தெரியும். திறக்கக்கூடிய வகை சோலினாய்டாக இருந்தால், கருகிய செப்புத் தகட்டைப் புரட்டிப்போட்டு மறுபக்கத்தைப் பயன்படுத்துவார்கள். செலவே இல்லாத பழுதுபார்ப்பு. இப்போது வருகிறவை பலவும் திறக்க முடியாதபடி அடித்து மூடப்பட்டவை.

திருப்புளி வைத்தியம்

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சோலினாய்டின் இரண்டு முனைகளையும் ஒரு திருப்புளியால் சேர்த்து வைத்து வண்டியைக் கிளப்புகிற பழக்கம் ஊரெல்லாம் உண்டு. பார்க்கச் சாமர்த்தியமாக இருக்கும். ஆனால் இதில் சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் எதற்கும் வேலையில்லை. வண்டி கியரில் இருந்தால் கிளம்பிய அடுத்த நொடியே நகரும். அதைச் செய்கிறவர் நிற்பதோ முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில். அங்கிருந்து விலகி ஓட நேரம் இருக்காது. டிராக்டர் ஏறி ஆள் சாவது இந்த வகையில் உலகம் முழுக்க நடந்திருக்கிறது. தயாரிப்பாளர்கள் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டுவது சும்மா அல்ல.

ஒரு சின்னப் பழுதை அப்படியே விட்டுவைப்பதால் வருகிற செலவில் டீசல் மட்டும் இல்லை, உயிரும் இருக்கிறது. அதனால்தான் இது மெக்கானிக் சமாச்சாரம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது.

இனி கணக்கு

விஷயத்துக்கு வருவோம். அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்கக்கூடிய பழுதுக்கு ஏன் முழு மோட்டாரையும் மாற்றச் சொல்கிறார்கள்? மெக்கானிக்குகள் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அது நியாயம் அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிவதற்காக மட்டும். விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முழு செல்ஃப் மோட்டார் 8,000 ரூபாய், சோலினாய்டு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாகம் விற்பதில் மெக்கானிக்குக்கு 10 சதவீதம் நிற்கிறது. மோட்டாரை மாற்றினால் அவருக்கு 800 ரூபாய். அரை மணி நேரம் மண்டையை உடைத்து, சோலினாய்டுதான் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றினால் 100 ரூபாய். பேட்டரி முனையைத் தேய்த்தாலே போதும் என்று கண்டுபிடித்துவிட்டால் என்ன கிடைக்கும்? "இதுக்குப் போயி காசா?" என்ற கேள்வியும் ஒரு டீயும். ஆக, மூளையை அதிகம் உபயோகிக்க உபயோகிக்க அவருடைய வருமானம் குறைகிறது! இப்படி ஒரு தொழிலில் யார்தான் மூளையை உபயோகிப்பார்?

இப்போது கணக்கை மாற்றிப் போடுவோம். பழுது பார்த்துச் சொல்வதற்கு 300 ரூபாய், மாட்டுவதற்கு 300 ரூபாய் என்று தனித்தனியாகக் கூலி வைத்தால், சோலினாய்டு கேஸில் மெக்கானிக்குக்கு 700 ரூபாய் கிடைக்கும். விவசாயிக்கு ஆகிற செலவு 1,600 ரூபாய். 8,000 ரூபாய் எங்கே, 1,600 எங்கே? பேட்டரி முனை கேஸில் விவசாயிக்கு 300 ரூபாயோடு வேலை முடிந்தது, மெக்கானிக்குக்கும் அரை மணி நேரத்துக்கு நியாயமான கூலி. இரண்டு பேருக்கும் லாபம். நஷ்டம் யாருக்கென்றால், குப்பைக்குப் போயிருக்க வேண்டிய அந்த நல்ல மோட்டாருக்கு மட்டும்தான் :-)

"பார்த்ததுக்கெல்லாம் காசா?" என்பது நம்மூர் மனசில் ஊறிப்போன கேள்வி. ஊசி போடாமல் மாத்திரை மட்டும் எழுதிக்கொடுத்த டாக்டரிடமிருந்து திருப்தி இல்லாமல் திரும்புகிற மாதிரி இது. ஆனால் டாக்டர் விஷயத்தில் கொஞ்சமாவது மாறிவிட்டோம். 'ஒன்றுமில்லை, போய் வாங்க' என்று சொன்னாலும் பீஸ் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம். டிராக்டர் மெக்கானிக் சொல்கிற 'ஒன்றுமில்லை'க்கு மட்டும் ஏன் விலை இல்லை? வருடக் கணக்கில் கையில் கிரீசோடு கற்றுக்கொண்ட அறிவு ஓசி, கடையில் வாங்கிய இரும்புக்கு மட்டும் விலை என்றால், அடுத்த தலைமுறையில் அந்த அறிவைக் கற்க யார் வருவார்?

மறுபக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. மானாவாரி நிலத்தில் மழை பெய்து ஈரம் இருக்கிற நாலு நாளில் உழுது விதைத்தாக வேண்டும். வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு அந்த நாட்கள்தான் வருமானம். அப்போது போய் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா, முழுசாக மாற்றி அனுப்பு என்றுதானே சொல்வார்? சரிதான். அவசரத்தில் அப்படி மாற்றுவதில் தப்பில்லை. ஆனால் கழற்றிய மோட்டார் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. சோலினாய்டு மட்டும் போன மோட்டார் பழைய இரும்புக் கடைக்குப் போகலாமா? அதைச் சரி செய்து வைத்தால் அடுத்த வண்டிக்கு அதுவே மாற்று மோட்டார். கழற்றிய பாகம் வண்டிக்காரருடைய சொத்து. அதைத் திருப்பித் தர வேண்டும், அல்லது பில்லில் அதற்கு ஒரு விலை கழிக்க வேண்டும்.

ஊருக்கு வெளியே

இது பாப்பாரப்பட்டிக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. அமெரிக்காவில் விவசாயிகள் பல வருடங்களாக இதற்காகவே சண்டை போடுகிறார்கள். அங்கே டிராக்டர் கம்ப்யூட்டர் மயமாகிவிட்டது. பழுது என்ன என்று கண்டறியும் சாப்ட்வேர் கம்பெனியிடமும் அதன் டீலர்களிடமும்தான் முழுமையாக இருக்கிறது என்பது அவர்கள் புகார். கொலராடோ மாநிலம் விவசாயிகளுக்குத் தங்கள் இயந்திரத்தைத் தாங்களே பழுதுபார்க்கும் உரிமையைத் தருகிற சட்டத்தை 2023-இல் நிறைவேற்றியது. அது 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இதே பிரச்சினையில் ஜான் டீர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது.

கவனித்தால், அந்தச் சண்டையும் பாகத்தைப் பற்றியது மட்டும் அல்ல, பழுதைக் கண்டுபிடிக்கிற அறிவைப் பற்றியது. அங்கே அந்த அறிவுக்குப் பூட்டுப் போட்டு விற்கிறார்கள் என்று சண்டை. இங்கே பூட்டு எதுவும் இல்லை, யாரும் மதிப்பதில்லை, அதனால் அது தானாகவே தேய்ந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் போன்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை அடையாளம் காட்டினார்கள். அதே வருடம் டிசம்பரில் இதற்கென ஒரு இணையதளமும் தொடங்கினார்கள். அதன் பிறகு ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்காக இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அது மொபைல், எலக்ட்ரானிக்ஸ் துறைக்கான அறிக்கை. நான்கில் முதலாவதாகச் சொன்ன விவசாயக் கருவி வரிசையில் பின்னால் நிற்கிறது. செல்போன் கண்ணாடி உடைந்தால் ஒரு நாள் கடுப்பு. விதைக்கிற நாளில் டிராக்டர் நின்றால் ஒரு போகம் போச்சு. எது முன்னால் நிற்க வேண்டும்?

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. டயர், ரேடியேட்டர், கிளட்ச் என்று பல டிராக்டர் பாகங்களும் 5-க்கு வந்தன. நல்ல காரியம், பாராட்ட வேண்டியது. ஆனால் ஸ்டார்ட்டர் வகை மின் பாகங்கள் 28-லிருந்து 18-க்குத்தான் இறங்கின. புது டிராக்டருக்கு 5, பழைய டிராக்டரைக் கிளப்புகிற பாகத்துக்கு 18. பழையதைச் சரி செய்து ஓட்டுகிறவர்தான் வசதி குறைந்தவர் என்பது இந்த இடத்தில் மட்டும் மறந்துபோய்விட்டது.

சட்டத்தில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. வியாபார நோக்கத்துக்கு வாங்கினவர் நுகர்வோர் அல்ல என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொன்னாலும், சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்துகிறவரை அது விலக்கவில்லை. அதாவது, ஒரே ஒரு டிராக்டரை வைத்துத் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் போவதற்குக் கையில் பில் வேண்டும். என்ன பழுது, என்ன மாற்றினார்கள் என்று எழுதிய பில். "அதெல்லாம் எதுக்குண்ணா" என்று துண்டுச்சீட்டில் முடிகிற ஊரில் இந்த உரிமை காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. பாப்பாரப்பட்டியிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. விதையும் உரமும் சொல்லிக்கொடுக்கிற இடத்தில், வருடத்துக்கு இரண்டு நாள், உழவு தொடங்குவதற்கு முன்னால், 'செல்ஃப் எடுக்கவில்லை என்றால் என்ன பார்க்க வேண்டும்' என்றும் சொல்லிக்கொடுக்கலாம். பாடம் நடத்த வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. அந்தந்த ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியனையே மேடையேற்றி, மரியாதையாகச் சம்பளம் கொடுத்துப் பேசச் சொல்லலாம்.

மெக்கானிக் கடைகளில் ஒரு போர்டு வைக்கலாம்: 'பழுது பார்த்துச் சொல்ல இவ்வளவு, மாட்ட இவ்வளவு, கழற்றிய பாகம் உங்களுக்கே' என்று மூன்று வரி. வண்டிக்காரர்கள் அந்த முதல் வரிக்குப் பேரம் பேசாமல் கொடுக்கப் பழக வேண்டும். டிராக்டர் கம்பெனிகள் வண்டியோடு கொடுக்கிற புத்தகத்தில், நல்ல தமிழில், படத்தோடு, இந்தச் சோதனைகளை இரண்டு பக்கத்துக்குப் போடலாம். பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.

சுப்பிரமணிய சிவா தன் கடைசிக் காலத்தைக் கழித்து, 1925 ஜூலை 23 அன்று மறைந்த ஊர் பாப்பாரப்பட்டி. சுதேசி என்ற சொல்லுக்காகச் சிறைக்குப் போனவர் அவர். சொந்த நாட்டில் செய்த பொருளை வாங்குவது சுதேசியின் முதல் படி என்றால், வாங்கிய பொருளைச் சொந்தமாகப் புரிந்துகொள்வது அடுத்த படி. நாட்டிலேயே செய்த டிராக்டர், மாநிலத்திலேயே செய்த மோட்டார், ஆனால் அது 'டக்' என்று சொன்னதன் அர்த்தம் மட்டும் தெரியவில்லை என்றால், பாதி சுதேசிதான் வந்திருக்கிறது.

அடுத்த முறை மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு, ஒயர் முனையைத் தேய்த்து மாட்டி, "ஒண்ணுமில்லைண்ணா, எடுத்துட்டுப் போங்க" என்று சொன்னால், டீயோடு நிறுத்திவிடாமல் ஒரு தொகையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். அவர் செய்யாமல் விட்ட 8,000 ரூபாய் வேலைக்கான கூலி அது.